விழாத ஊசி

சம்பந்தியம்மா வருகிறாள். லால்குடியில் பஸ் ஏறிவிட்டாளாம். செல்போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும் என்பது கடையின் சட்டம். அதனால் மகள் சிந்துஜா கடை நம்பருக்குப் பேச, சூப்பர்வைசர் அருளானந்து வந்து சொல்லிவிட்டுப் போனான். "அக்கா, உங்க சம்பந்தி கிளம்பிட்டாங்களாம். முகூர்த்தப் பட்டு எடுக்கத்தானே? நல்லதா எடுத்துக் காட்டுங்க. நம்ம கடைக்குப் பேரு வரணும்." கடைக்குப் பேர் வரும். அதிலொன்றும் குறைவிருக்காது. தையல்நாயகி கையிலிருந்த புடவையை மறுபடி மடித்தாள். ஏற்கெனவே மடித்த புடவைதான். ஆள் இல்லாத நேரத்தில் பிரித்து மடித்துக்கொண்டிருந்தால் சும்மா நிற்பதாக யாரும் சொல்ல முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள், தெப்பக்குளம் வரை நடப்பாள், லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு வருவாள், தூணை ஒட்டிய இந்தக் கவுண்ட்டருக்கு முன்னால் போட்டிருக்கும் சிவப்புக் குஷன் ஸ்டூலில் உட்காருவாள். அவள் உட்காருவாள், நாயகி நிற்பாள். பெண்ணைப் பெற்றவள் நின்றுகொண்டு, ஒவ்வொரு புடவையாகத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டு, பிள்ளையைப் பெற்றவள் உட்கார்ந்து இது வேண்டாம் அது வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டு. எத்தனை முகூர்த்தப் பட்டு விற்றிருக்கிறாள் இந்தக் கையால், எத்தனை சம்பந்திச் சண்டையை இந்தக் கவுண்ட்டரில் வைத்தே தீர்த்திருக்கிறாள். தன் வீட்டுக் கல்யாணம் என்றதும் மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டு நிற்கிறாள். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் போலிருக்கிறது.

கலக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அதற்குள் நினைத்துவிட்டாள். உறையூர் மண்டபத்தில் ஜமுக்காளத்தின் மேல் இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். இரவல் வாங்கிய ஆரம், தலையில் மல்லிகை, பக்கத்தில் நாத்தனார்கள். வாசலில் பச்சைப் புடவை கட்டி ஒரு அம்மாள் நுழைந்தாள். அவ்வளவுதான் தெரியும். நாயகியின் கால் எழுந்துவிட்டது. இவள் எழவில்லை, கால்தான் எழுந்தது. கை தானாகக் குவிந்தது, வாய் தானாகத் திறந்தது. "வாங்க மேடம், என்ன ரேஞ்சுல பாக்கலாம்?" மண்டபம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சின்ன நாத்தனார்தான் முதலில் சிரித்தாள், அவள் சிரித்தால் கொல்லைப்புறக் காக்காய்கூடப் பறந்துவிடும். எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் ராசேந்திரனும் சிரித்தான். பாவி, அவனாவது சும்மா இருந்திருக்கலாம். சிந்துஜா மட்டும் சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு மணைப்பலகையைப் பார்த்தாள். அன்றைக்குப் பூராவும் நாயகி தலை நிமிரவேயில்லை. தட்டு மாற்றும்போதுகூடத் தட்டைத்தான் பார்த்தாள், வெற்றிலையைத்தான் பார்த்தாள், எதிரே இருந்த அந்தப் பச்சைப் புடவைச் சம்பந்தியின் வளையலைத்தான் பார்த்தாள். தனபாக்கியம் என்று பேர் தெரியும், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் என்று தெரியும், முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்றைக்கு வந்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம். ராத்திரி சிந்துஜா தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக்கொண்டே சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. "கல்யாணத்தன்னிக்கு நீ எதுவுமே செய்ய வேணாம்மா. உக்காந்திருந்தாப் போதும்." அந்தச் சொல் அன்றிலிருந்து செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்துகிறது. உக்காந்திருந்தாப் போதும். இவளுக்குத் தெரியாத ஒரே வேலையைச் சொல்லிவிட்டாள் மகள்.

இடது கெண்டைக்காலில் நரம்பு சுண்டியது. உடம்பை வலது காலுக்கு மாற்றினாள். சற்று நேரம் வலது, சற்று நேரம் இடது, கொக்குக்குக்கூட நடுவில் மீன் கிடைக்கும். கண்ணாடி அலமாரியில் சாயக் கூடாது, தூணில் சாயக் கூடாது, மேலே மூலையில் கேமரா சிவப்புக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஆனால் செருப்பு காலுக்குள் போகாது. டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே புடைத்திருந்த நீல நரம்பைத் தடவிப் பார்த்து, காலைக் கொஞ்சம் நீட்டி உட்காருங்கள் என்றாள். எங்கே உட்கார? வீட்டுக்குப் போனால் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கம் வந்துவிட்டது, உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா, சீட்டு கடிக்கவா போவுது?" என்பான். ராசேந்திரனுக்கு ஷேர் ஆட்டோ. நாளெல்லாம் உட்கார்ந்து சம்பாதிப்பவன். "உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுடி" என்று வந்து குப்புறப் படுப்பான், இவள் குனிந்து நின்று தைலம் தேய்த்துவிடுவாள். ஒருநாளாவது உன் கால் எப்படி என்று கேட்டதில்லை. கெட்டவன் இல்லை, குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமலே போகிறது பாருங்கள், அதுதான் அவளுக்கு ஆத்திரம். இவளுக்கே தோன்றாமல்தானே இத்தனை காலம் ஓடியது. கால் வலித்தால் கால்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, எதற்காக நிற்கிறோம் என்று ஒருநாளும் நினைத்தவள் இல்லை.

கால் வலிக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள் கடைப் பெண்கள். ஊசி தேடுவது. புடவையில் விலைச்சீட்டுக் குத்தும் குண்டூசி அடிக்கடி கீழே விழும், விழுந்தால் எடுத்தே ஆக வேண்டும், வாடிக்கையாளர் காலில் குத்திவிட்டால் வம்பு. ஆகவே ஊசி தேடக் குனிகிறவளை எந்தச் சூப்பர்வைசரும் ஒன்றும் சொல்ல முடியாது. கவுண்ட்டருக்குப் பின்னால் குந்தி, தரையைத் தடவுகிற பாவனையில் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு, இடுப்பைக் கொஞ்சம் சுவரில் கொடுத்து, நாலு மூச்சு விட்டு எழுந்தால் அடுத்த ஒரு மணி நேரம் ஓடும். யார் ஆரம்பித்ததோ தெரியாது, நாயகி வேலைக்குச் சேர்ந்த வாரமே மூத்தவள் ஒருத்தி காதோடு கற்றுக்கொடுத்தாள். "அக்கா, எனக்கு ஊசி விழுந்துருச்சு, கொஞ்சம் பாத்துக்க" என்றால் போதும், பக்கத்துக் கவுண்ட்டர்க்காரி காவல் நிற்பாள். மாதவிலக்கு நாளில் ஒவ்வொருத்திக்கும் ஊசி விழுந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கவுண்ட்டர் மெர்லின் ஆறு மாத வயிற்றோடு நிற்கிறாள், அவளால் இப்போது குனிந்து ஊசியும் தேட முடியவில்லை, குனிந்தால் எழ முடியாது. நேற்று அவள் மெதுவாகச் சொன்னாள், "எனக்கு ஊசியே விழ மாட்டேங்குதுக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நாயகிக்கு வெட்கமாக இருந்தது. விழாத ஊசியை எத்தனை வருஷமாகத் தேடியிருக்கிறோம். உட்காருவதைத் திருடித் தின்றிருக்கிறோம், பொதுவில் கேட்கத் துப்பில்லாமல்.

கேட்கவும் வேண்டாமே, ஸ்டூல்தான் வந்துவிட்டதே. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, மூன்றாம் மாடிக்குக் கவுண்ட்டருக்கொன்றாகப் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து, போட்டோ எடுத்தார்கள். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்து சிரித்த போட்டோ கீழே கேஷ் கவுண்ட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறது. வேலைநேரத்தில் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம் என்றார்கள். வாடிக்கையாளர் இல்லாதபோது மடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மடிப்பதோ நின்றுகொண்டுதான். தின்னவும் கூடாது, பட்டினியாகவும் இருக்கக் கூடாது என்றானாம் ஒருத்தன். கலைச்செல்வி என்றொருத்தி காய்ச்சலில் அரை நாழிகை உட்கார்ந்தாள், மறுவாரம் அவளைக் கோடவுனுக்கு மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு ஸ்டூலின் மேல் காலி அட்டைப்பெட்டிகள் ஏறின, இப்போது நாயகியின் ஸ்டூல் மேலும் நாலு பெட்டி உட்கார்ந்திருக்கிறது, காலாட்டாத குறைதான். போன வாரம் தெப்பக்குளத்து மூலையில் நோட்டீஸ் கொடுத்த, கண்ணாடி போட்ட சங்கத்து அம்மா ஒருத்தி நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டூலு வாங்கிக் குடுத்துட்டோம். உக்கார்றத நாங்க வந்து உக்கார முடியாது தாயி" என்றாள். அப்போது எரிச்சலாக வந்தது, உனக்கென்ன, வேலை போனால் உனக்கா போகும் என்று மனசுக்குள் திட்டினாள். தையில் கல்யாணம். கல்யாணக் கடனைக் கட்ட மாசியில் வேலை இருக்க வேண்டும். கோடவுனில் ஏணி மேல் நின்று பண்டல் இறக்க இந்தக் கால் தாங்காது. இதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அந்தம்மாளின் சொல் போகவில்லை.

வேறொன்றும் இன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு மோர் ஊற்றும்போது சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனது. கண்ணாடி இல்லை, ஏசி இல்லை. கடை முழுக்க வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. விற்கிறவர்கள் எல்லாம் ஆம்பிளைகள், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாங்க வந்தவர்களும் எதிரே உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் போய் வந்தது. அந்தக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே புடவையை எறிந்து விரிப்பார், அது காற்றில் போய் அப்பாவின் மடிமேல் வந்து விழும். யாரும் அவரை மரியாதை இல்லாதவர் என்று சொல்லவில்லை. அப்படியானால் எப்போது எழுந்து நின்றது இந்தத் தொழில்? சோற்றுக் கை காயக் காய யோசித்தாள். ஆம்பிளை விற்றபோது உட்கார்ந்து விற்றான். சம்பளம் குறைச்சலாக இருக்கும் என்று பொம்பிளையை வேலைக்கு எடுத்தார்கள், எடுத்த கையோடு மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். நின்றால்தான் மரியாதை என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். அடடா, இவ்வளவுதானா என்றிருந்தது. சாமி குத்தம் மாதிரி பயந்தது இதற்குத்தானா? யாரோ ஒருவன் சுருட்டிய மெத்தை. சிரிப்புகூட வந்தது, எதிரே சாப்பிட்ட மெர்லின், "என்னக்கா தனியா சிரிக்கிறீங்க, மருமகன் ஞாபகமா?" என்று கேலி செய்தாள்.

இப்போது தளத்தில் ஆள் இல்லை. மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் கடை கிடந்தது, ஏசி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கீழே போகும் ஓசை கேட்டது. அவள் வந்திருப்பாளோ? வந்தால் கால் எழும். வாய் திறக்கும். என்ன ரேஞ்சுல பாக்கலாம். அந்த வாக்கியம் தொண்டைக்குள் தயாராக நிற்கிறது, இவளைக் கேட்காமல் வரக்கூடியது. நிற்கிறவரைக்கும் அது வரும், நின்றால் இந்த உடம்பு கடைக்காரி உடம்பு, இது அதற்குப் பழக்கிய உடம்பு. உட்கார்ந்தால் என்ன உடம்பு என்று இவளுக்கே தெரியாது, பார்த்துவிட வேண்டியதுதான். நாயகி பெட்டிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கீழே வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. கேமரா சிவப்பாகவே இருந்தது, அது எப்போதும் சிவப்புதான். மூன்றாவது, நான்காவது. ஸ்டூலில் தூசி, முந்தானையால் துடைத்தாள். இதோ உட்காரலாம். உட்காரலாம் என்று நினைத்தபடியே நின்றாள், முழங்கால் மடங்க மறுத்தது, பயம் மண்டையில் இல்லை, முட்டியில்தான் குடியிருந்தது போலும். கோடவுன். கலைச்செல்வி. தை. மெர்லினின் வயிறு. உக்காந்திருந்தாப் போதும். சரிதான் போ என்று உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் லேசாகக் கிரீச்சிட்டது. பாதத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கி வெளியே போவது தெரிந்தது, ஆனந்தமாக இருந்தது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆனந்தமா என்று அழுகை முட்டியது. மெர்லின் வாயைத் திறந்தபடி பார்த்தாள். நாயகி அவளுக்கு ஜாடை காட்டவில்லை, காவல் பார் என்று கேட்கவில்லை. கடையே வேறு மாதிரி இருந்தது. மேல் அலமாரிகள் உயரத்தில் போய்விட்டன, மேஜை மார்புக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமாக இவள் பார்த்ததெல்லாம் தலைகளைத்தான். வகிடு, நரை, சாயம், வகிட்டுக் குங்குமம், சீப்பு படாத சிக்கு. எதிரே உட்கார்ந்த அத்தனை பெண்களையும் உச்சந்தலையிலிருந்துதான் பார்த்திருக்கிறாள், அவர்களும் இவளது இடுப்பை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

லிஃப்ட் திறந்தது. தவிட்டு நிறப் புடவையில், கையில் மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் வெளியே வந்து தூண் எது என்று தேடினாள். கால் துடித்தது. இரு, என்றாள் நாயகி காலிடம். வீட்டுக்கு வருகிறவளுக்கு எழுந்து நிற்பது நம் மரியாதை, அதை ஒருத்தரும் சம்பளத்துக்கு வாங்கவில்லை. எழுந்தாள், இந்த முறை இவளே எழுந்தாள், கை கூப்பினாள். தொண்டையில் நின்றிருந்த வாக்கியத்தை விழுங்கினாள், அது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே போயிற்று. "வாங்க சம்பந்தி. வெயில்ல அலைய வெச்சுட்டேன். உக்காருங்க." தனபாக்கியம் குஷன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாயகியும் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தனபாக்கியத்தின் பார்வை ஒரு கணம் உயரத்தில் இவளைத் தேடிவிட்டு, பிறகு இறங்கி நேரே வந்து சேர்ந்தது. இடது இமை கொஞ்சம் சரிந்த கண், மூக்கருகே ஒரு மரு, அடுப்புச் சூட்டில் கறுத்த கன்னம். இதுதானா அந்த முகம். பயப்பட இதில் என்ன இருக்கிறது? "அன்னிக்கு நீங்க நிமுந்தே பாக்கலீங்க" என்றாள் தனபாக்கியம். "எம்மேல ஏதும் வருத்தமோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்." "வருத்தமெல்லாம் இல்ல சம்பந்தி. வெக்கம். வாய் தவறிருச்சு" என்றாள். "அட, அதுக்கா. நான்கூட எங்க வீட்டுக்காரரு தட்ட நீட்டுனா, வரிசையில வான்னு சொல்லியிருக்கேன்." இருவரும் சிரித்தார்கள். நாயகி உட்கார்ந்தபடியே கை எட்டி அரக்குப் பட்டொன்றை எடுத்து உதறினாள். அது போய்த் தனபாக்கியத்தின் மடியில் விழுந்தது.

வாசனை பிடித்த மாதிரி அருளானந்து வந்துவிட்டான். தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, ஸ்டூலைப் பார்த்தான், தரையில் இறக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். அவனும் நிற்கிறவன்தான், அவன் செருப்பின் குதிகாலும் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும், அது நாயகிக்குத் தெரியும். ஊசி சங்கதி அவனுக்குத் தெரியும் என்பது மட்டும் இதுவரை யாருக்கும் தெரியாது. குனிந்து, குரலைத் தணித்து, தப்பிக்க ஒரு வழியை நீட்டினான். "என்னக்கா, ஊசி விழுந்துருச்சா?" மேலே இருக்கிற சிவப்புக் கண்ணுக்கு அவன் சொல்லிக்கொள்ள அது போதும். ஆமாம் சார் என்றால் போதும். எழுந்துவிடலாம், சம்பந்திக்கும் ஒன்றும் தெரியாது, தையும் மாசியும் பத்திரமாக இருக்கும். பக்கத்துக் கவுண்ட்டரிலிருந்து மெர்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். நாயகி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது பழைய வாடகைக்காரன் மாதிரி மூலையில் இருந்தது, வீடு அவனுடையது இல்லை. "இல்ல சார்" என்றாள். "ஊசி ஒண்ணும் விழல. உக்காந்திருக்கேன்." அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கவுண்ட்டரில் ஸ்டூல் மேலிருந்து அட்டைப்பெட்டிகளை நகர்த்தும் ஓசை கேட்டது, ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல். நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. அரக்குப் பட்டின் முந்தியைத் தனபாக்கியம் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் மறுமுனையை நாயகி பிடித்திருந்தாள்.